தோட்டதப்பா சத்திரத்து இரவுகள்

பெங்களூர் சிட்டி ஸ்டேஷனை விட்டு வடக்கே கிளம்பும் ரயிலுக்கு ஒக்கலிபுரம் வந்ததும் பாதை பிரியும். வலப்பக்கம் வளைந்தால் கண்டோன்மென்ட், பங்காரப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை என்று மெட்ராஸ் வரைக்கும். இடப்பக்கம் போனால் மல்லேஸ்வரம், யஸ்வந்தபுரம், தும்கூர், அரசிகெரே என்று ஹூப்ளி வரைக்கும். இந்த இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பேட்டையில்தான் என் மாமா குடியிருந்தார். ராத்திரி படுத்தபடியே, "இது மெட்ராஸ் மெயில், இது ஹூப்ளி வண்டி" என்று அத்தை சொல்லிவிடுவாள். அகலப்பாதை வண்டிக்கு ஒரு சத்தம், மீட்டர் பாதை வண்டிக்கு வேறு சத்தம் என்பாள். எனக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை.

எழுபதுகளின் ஒக்கலிபுரத்தில் தெருவுக்குத் தெரு தமிழ்க் குரல்தான். வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாதிப் பேருக்கு ரயில்வேயில் வேலை, மீதிப் பேருக்கு மில். பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் மூன்றும் நடந்தே போகிற தூரத்தில் இருந்தன. காலையில் மில் சங்கு ஊதினால்தான் அந்தப் பேட்டைக்கே பொழுது விடியும். மாமாவுக்கு மினர்வாவில் வேலை. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் 1980-ஆம் வருஷத்து 'மினர்வா மில்ஸ் வழக்கு' அந்த மில்லின் பெயரில்தான் இருக்கிறது. நாடாளுமன்றம் நினைத்தால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பையே மாற்றிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு. மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் ஆரம்பித்த தகராறு அது. மாமாவிடம் பின்னாளில் இதை விளக்கிச் சொன்னேன். "அப்படியா? எங்களுக்கு அந்த வருஷம் போனஸ் லேட்டாச்சு, அதான் தெரியும்" என்றார்.

வீடு என்பது ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டிய ஒண்டுக் குடித்தனங்களில் ஒன்று. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மூலை, குழாயும் கக்கூசும் எல்லோருக்கும் பொது. கோடை விடுமுறைக்குத் திருப்பத்தூரிலிருந்து நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் இறங்கினால், சாப்பிடுகிற வரைக்கும் சமாளித்துவிடலாம். படுக்கிற நேரம்தான் திண்டாட்டம். பாய் விரித்தால் கதவு திறக்காது.

தாத்தா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாடா, சத்திரத்துக்குப் போலாம்" என்று என்னைக் கூப்பிடுவார்.

மாமாவுக்கு இது கௌரவப் பிரச்சினை. "நைனா, பெத்த பிள்ளை வீடு இருக்கும்போது சத்திரத்துல போய்ப் படுத்தா, பாக்குறவன் என்ன நெனைப்பான்?"

"ஒருத்தனும் நெனைக்க மாட்டான். பொம்பளைங்களும் குழந்தைங்களும் காலை நீட்டிப் படுக்கட்டும். எனக்கு அங்கதான் சௌகரியம்."

அவருக்கு உண்மையிலேயே அங்கேதான் சௌகரியம். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஒக்கலிபுரத்திலிருந்து ரயில்வே மதிலை ஒட்டியே நடந்தால் ஸ்டேஷன் முன்வாசலுக்கு வந்துவிடலாம். நிலக்கரிப் புகையின் வாடை மூக்கில் நிற்கும். மே மாதத்திலும் எனக்குக் குளிரும். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் திண்ணைக்கல் கூடச் சுடும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் இப்படி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "மலை மேல இருக்கோம்டா" என்று தாத்தா சொன்னபோதுதான் புரிந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே கெம்பேகௌடா காலத்துத் தர்மாம்புதி ஏரி இருந்த பள்ளம். ஏரி வற்றிப்போய் அங்கே பஸ்கள் நின்றுகொண்டிருந்தன. அதற்கும் ஸ்டேஷனுக்கும் பக்கத்திலேயே, குப்பி தோட்டதப்பா ரோட்டில், அந்தச் சத்திரம்.

வாசலில் எழுத்தர் ஒருவர் பெரிய நோட்டோடு உட்கார்ந்திருப்பார். "எஷ்டு ஜனா?" என்பார். "எரடு" என்று தாத்தா விரலைக் காட்டுவார். பெயர், ஊர், என்ன காரியமாக வந்தது, எப்போது கிளம்புவது, இவ்வளவுதான் கேள்வி. காரியம் என்ன என்று கேட்டால் தாத்தா "சும்மா" என்று தமிழிலேயே சொல்வார். எழுத்தரும் நோட்டில் எதையோ எழுதிக்கொள்வார். வாங்கிய காசு, வாடகை என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குச் சொற்பம்.

தாத்தா ஊரிலிருந்தே ஒரு பூட்டு கொண்டுவருவார். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கையில் வைத்தால் அரை சேர் கனம். பித்தளைத் தகடு தேய்ந்து, பெயர் வெட்டியிருந்த இடத்தில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். சாவியை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முதல் சுற்றில் ஒரு சத்தம் கேட்கும், ஆனால் பூட்டியிருக்காது. திருடனுக்கு அங்கேதான் ஏமாற்றம் என்பது தாத்தாவின் கட்சி. நாங்கள் அறைக்குள் வைத்துப் பூட்டியதெல்லாம் ஒரு போர்வை, ஒரு சொம்பு, அவருடைய மூக்குப்பொடி டப்பா. அதற்கு இந்தப் பூட்டு கொஞ்சம் அதிகம்தான்.

அறைக்குள் அவர் தங்கவும் மாட்டார். பூட்டிவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வார். அங்கே ஏற்கெனவே ஒரு சபை கூடியிருக்கும். தர்மஸ்தலத்துக்குப் போகிறவர்கள், மந்த்ராலயத்திலிருந்து திரும்புகிறவர்கள், விக்டோரியா ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள், ஹைகோர்ட்டில் கேஸ் வைத்திருக்கும் ஷிமோகா பாக்கு வியாபாரி, சீட்டு கிடைக்குமா என்று தெரியாமல் கல்லூரிக்கு மகனைக் கூட்டிவந்த அப்பா. வடக்குக் கர்நாடகத்துக் குடும்பம் ஒன்று துணி மூட்டையை அவிழ்த்து, காய்ந்து விறைத்த சோள ரொட்டியை எடுத்து, சட்னிப் பொடியில் எண்ணெயைக் குழைத்துத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் எனக்கும் ஒன்றை நீட்டினாள். அப்பளத்தைப் போல ஒடிந்தது. பொடி நாக்கைச் சுட்டது. தண்ணீர் தேடி நான் ஓடியதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில் எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

தாத்தாவுக்குக் கன்னடம் அரைகுறை; அவர்களுக்குத் தமிழ் சுத்தமாக வராது. இடையில் தெலுங்கு தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டால் பேச்சு விடியற்காலை வரைக்கும் ஓடும். மழை, மாட்டு விலை, மகளுக்கு மாப்பிள்ளை, கவர்ன்மென்டை வைகிறது. பிள்ளை வீட்டில் அவர் ஒரு விருந்தாளி. வாயை மூடிக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார வேண்டும். இங்கே எல்லோரையும் போல ஒரு வழிப்போக்கர். சௌகரியம் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அந்த வராந்தா ராத்திரி அவ்வளவு நிறைந்ததற்கு ரயில்தான் காரணம். மெட்ராஸிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக வந்த அகலப்பாதை, 1864 ஆகஸ்டில் கண்டோன்மென்டைத் தொட்டது. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடம் அது. அதோடு அப்போதைக்கு நின்றது. மைசூர் சமஸ்தானம் தன் பங்குக்குப் போட்ட பாதையோ மீட்டர் பாதை. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் இருந்த ஜனங்களுக்கு நிவாரண வேலையாகத் தொடங்கி, 1880-களின் தொடக்கத்தில் மைசூர் வரை முடிந்தது. இரண்டு பாதைகளும் சந்தித்த இடம் சிட்டி ஸ்டேஷன். சந்தித்தன என்றுதான் சொல்ல முடியும், சேரவில்லை. மெட்ராஸ் வண்டி மைசூருக்குப் போக முடியாது. ஹூப்ளி வண்டி மெட்ராஸுக்கு வர முடியாது. ஒரு வண்டியை விட்டு இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். சரக்கு மூட்டைகளையும் ஒரு வேகனிலிருந்து எடுத்து இன்னொரு வேகனில் போட வேண்டும். ஒக்கலிபுரத்து முதுகுகள் பல அதில்தான் தேய்ந்தன. முதல் வண்டி தாமதமானால் அடுத்த வண்டி போய்விட்டிருக்கும். அப்புறம் ராத்தங்கல்தான். தொண்ணூறுகளில் பாதைகளையெல்லாம் அகலமாக்கிய பிறகே இந்த அவஸ்தை தீர்ந்தது.

இப்படி நடுராத்திரி மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் நின்றவர்களைப் பார்த்துத்தான் தோட்டதப்பாவுக்குச் சத்திரம் கட்டும் எண்ணம் வந்ததா, நான் சொல்ல முடியாது. ஆனால் இடம் தேர்ந்தெடுத்ததைப் பார்த்தால் ஆள் கணக்குத் தெரிந்த வியாபாரி என்று தெரிகிறது. தும்கூர் ஜில்லா குப்பியில் 1838-ல் பிறந்தவர். பெங்களூர் பேட்டையில் வியாபாரம் செய்து நிறையச் சம்பாதித்தார். பிள்ளை இல்லை. சொத்தை என்ன செய்வது என்று யோசித்த மனிதர், கோயிலுக்குக் கோபுரம் எழுப்பாமல், 1897-ல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினார். அடுத்த வருஷமே பெங்களூருக்குப் பிளேக் வந்தது. வந்ததும் ரயிலில்தான். வெளியூர்க்காரன் என்றால் கதவைச் சாத்தும் காலம். ஊரை விட்டு ஜனங்கள் வெளியே ஓடிய காலம். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் புதுப் பேட்டைகளாக வேகமாக நிறைந்தது அந்தப் பயத்தில்தான். அந்தச் சமயத்தில் ஒருவர், ரயிலில் வருகிற முன்பின் தெரியாதவர்கள் தங்குவதற்கென்றே கட்டடம் கட்டினார் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1903 பிப்ரவரியில் சத்திரத்தைத் திறந்துவைத்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மகாராஜாவுக்கு வயது பதினெட்டு. இரண்டு வருஷம் கழித்து, வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பையன்களுக்கு இலவச விடுதியும் தொடங்கினார்கள். தோட்டதப்பா 1910-ல் காலமானார். ராவ் பகதூர் பட்டமும் அந்த வருஷம்தான் வந்தது. தான் போன பிறகு காரியம் நிற்கக் கூடாது என்று டிரஸ்ட் ஏற்படுத்தி, கே.பி. புட்டண்ண செட்டியைப் பொறுப்பில் வைத்திருந்தார். இன்று பெங்களூர் டவுன் ஹால் யார் பெயரில் இருக்கிறதோ அதே புட்டண்ண செட்டி.

விடுதியில் தங்கிப் படித்த பையன்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ட்ரல் காலேஜில் படிக்க வந்து இங்கே தங்கியவர், பின்னாளில் தும்கூர் சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள் ஆனார். 111 வயது வரை இருந்து 2019-ல் மறைந்தவர். ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு மடத்தில் சோறும் படிப்பும் கொடுத்தவர். தோட்டதப்பா போட்ட காசுக்கு வட்டி எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

அந்தச் சத்திரத்திலிருந்து ரேஸ் கோர்ஸ் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் வெஸ்ட் எண்ட் ஓட்டல். 1887-ல் ஒரு ஆங்கிலேய அம்மாள் பத்து அறைகளோடு ஆரம்பித்தது. பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், பச்சைப் புல்வெளி. நாங்கள் அந்த மதில் ஓரமாக நடந்துபோகும்போது தாத்தா குரலைத் தாழ்த்திக்கொள்வார். உள்ளே துரைமார்கள் தூங்குகிறார்கள் என்ற நினைப்பு. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது! பெங்களூரின் பழம்பெருமை வாய்ந்த ஓட்டல்கள் என்று யார் எழுதினாலும் வெஸ்ட் எண்டைத்தான் முதலில் எழுதுவார்கள். தப்பில்லை, அழகான இடம். ஆனால் அதற்குப் பதினாறு வருஷம் மட்டுமே இளைய தோட்டதப்பா சத்திரத்தை அந்த வரிசையில் யாரும் சேர்த்து நான் படித்ததில்லை. துரை தங்கினால் சரித்திரம், பாக்கு வியாபாரி தங்கினால் வெறும் ராத்தங்கல் என்று ஒரு கணக்கு நம் மனதில் இருக்கிறது.

ரயிலை நம்பி எழுந்த தங்குமிடங்கள் வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ரயில் நின்ற ஊர்களில் ஃப்ரெட் ஹார்வி என்பவர் வரிசையாகச் சாப்பாட்டுக் கூடங்களும் ஓட்டல்களும் நடத்தினார். 1876-ல் கன்சாஸ் மாநிலத்து டொபீகா ஸ்டேஷனில் ஆரம்பித்த தொழில். அரிசோனாவில் வின்ஸ்லோ என்ற சின்ன ரயில் ஊரில் 'லா போசாடா' என்று ஒரு ஓட்டல் 1930-ல் திறந்தது. ரயில் பயணம் குறைந்ததும் 1957-ல் மூடிவிட்டார்கள். ரயில்வே கம்பெனி அதைத் தன் ஆபீசாக ஆக்கிக்கொண்டது. நாற்பது வருஷம் கழித்து ஒருவர் வாங்கிச் செப்பனிட்டார். இன்று பழைய ரயில் காலத்தை அனுபவிக்கவென்றே ஜனங்கள் தேடிப்போய்ப் பணம் கட்டித் தங்குகிறார்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே ரயில் மெலிந்த பிறகு ஓட்டல் நினைவுப் பொருளாகிவிட்டது. நம் சத்திரமோ நினைவுப் பொருளாக நேரமே கிடைக்காமல் தினமும் ஆட்களைத் தங்கவைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தானோ என்னவோ நம் கண்ணில் படுவதில்லை.

தாத்தாவுக்குச் சத்திரத்தில் ஒரு சொந்தச் சட்டம் உண்டு. மூன்று ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது. "நாலாவது நாள் நாம போற வழி மறந்துபோயிடும்" என்பார். மூன்றாம் ராத்திரி கழிந்த காலையில் மாமா வீட்டுக்கு வந்து குளித்து, அத்தை கையால் ராகிக் களி சாப்பிட்டுவிட்டு, திருப்பத்தூருக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை அவரையும் என்னையும் பலேபேட்டை உடுப்பி ஸ்ரீகிருஷ்ண பவனுக்கு மாமா கூட்டிப்போனார். சாகு என்ற காய்கறிக் கூட்டு வைத்த தோசை. தாத்தா தோசையைப் பிரித்துப் பார்த்து, "உருளைக்கெழங்கு எங்கடா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் தமிழ்க்காரர். "சாப்ட்டுப் பாருங்க பெரியவரே" என்றார். தாத்தா இரண்டாவது தோசைக்குச் சொன்னார்.

தாத்தா போன பிறகு நான் தனியாகவும் அந்தச் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று வந்தபோது. மாமா வீட்டில் அப்போது இடம் இருந்தது, பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஆனாலும் சத்திரத்துக்குத்தான் போனேன். அத்தை மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு கெஜட்டில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் மேல் கலவரம் வெடித்தது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானவர்கள் ரயில் ஏறி ஊர்ப்பக்கம் வந்தார்கள். மாமாவும் அத்தையும் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டுச் சாவியை எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்ததாக அத்தை சொன்னாள். பொங்கல் கழிந்து திரும்பிப் போனபோது அந்த அம்மாள் வாசலைப் பெருக்கிக் கோலமும் போட்டு வைத்திருந்தாளாம். அவர்கள் அதற்குப் பிறகும் ஒக்கலிபுரத்தில்தான் இருந்தார்கள். வேறு ஊர் அவர்களுக்குத் தெரியாது.

மில்கள் போய்விட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் மந்திரி மால். மினர்வா இருந்த இடத்திலும் ஒரு மால். சங்கு ஊதுவதில்லை. ஒக்கலிபுரத்தில் இரண்டு ரயில் பாதைகளுக்கும் அடியில் துளைத்து எட்டு வழிச் சாலை போடுகிறோம் என்று தொடங்கிய வேலை, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வரை இழுத்தது. ஏரி இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் பூமிக்கு அடியில் மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. அவை ஒழுங்காகவே சந்திக்கின்றன; யாரும் ராத்தங்க வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்கும் சங்கொள்ளி ராயண்ணா பெயர் வந்துவிட்டது. வயதானவர்கள் இன்னும் சிட்டி ஸ்டேஷன் என்கிறார்கள், ஆட்டோக்காரர் மெஜஸ்டிக் என்றால்தான் தலையாட்டுகிறார்.

சத்திரம் இருக்கிறது. சுற்றிலும் லாட்ஜ்கள் போர்டுக்கு மேல் போர்டாக உயர்ந்துவிட்டதால் சட்டென்று கண்ணில் படாது. டிரஸ்ட் அதை நடத்துகிறது, விடுதியும் தொடர்கிறது. பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கோ பரீட்சைக்கோ போய் ஒரு ராத்திரி மட்டும் தலைசாய்க்க இடம் தேடுகிறவர்கள், போனில் அறை தேடுவதற்கு முன்னால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து குப்பி தோட்டதப்பா ரோட்டில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நட்சத்திர வசதி எதிர்பார்க்க வேண்டாம். ராத்திரி சீக்கிரம் கதவைச் சாத்திக்கொள்ளாமல் வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர் என்று கேளுங்கள்.